மனப்பாடம் ஆயிடுச்சு டீச்சர்

என்னிடம் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், வந்த முதல் மாதத்துக்குள் எப்படியும் ஒருமுறை இதைச் சொல்லிவிடுவார்கள். "டீச்சர், அவன் படிக்கலை. மனப்பாடம் ஆயிடுச்சு, அப்படியே ஒப்பிக்கிறான்." நேற்றுப் படித்த பத்தியையே இன்றும் படிக்க வைக்கிறேன், நாளைக்கும் அதையேதான் கொடுப்பேன் என்பது அவர்களுக்குப் பொறுக்காது. காசு வாங்குகிற டீச்சர் நாளுக்கு ஒரு புதுத் தாளாவது தர வேண்டாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் டியூஷனில் வாரத்துக்கு ஒரு கட்டுப் பயிற்சித்தாள் வருகிறதாம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாசலில் நின்று பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு இந்த இணைப்பை அனுப்பிவிடலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து எழ முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது வேலையை விட்டேன். பெரிய பிள்ளைகளை எடுப்பதில்லை. பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு, தொடக்கநிலை ஒன்று, இரண்டு, அவ்வளவுதான். எழுத்து தெரியும், ஆனால் வாசிக்க வராது என்ற இடத்தில் நிற்கும் பிள்ளைகள். கட்டுரை, கருத்தறிதல் எல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில்தான் ஆள் குறைவு. ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பது பார்ப்பதற்கு வேலை மாதிரியே தெரியாது.

சரி, பிள்ளை ஒரு பத்தியை முதல்முறை வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பத்திகளை நானே எழுதுவேன். சின்னதாக, இப்படி:

தாத்தா ஈரச்சந்தைக்குப் போனார். கூடவே மீனாவும் போனாள். "இந்த மீன் புதிதா?" என்று தாத்தா கேட்டார். கடைக்காரர் சிரித்தார். "இப்போதுதான் வந்தது" என்றார். மீனா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இதைத் தொடக்கநிலை ஒன்றில் இருக்கும் ஒரு பையனிடம் கொடுத்தேன். பெயரை எழுத மாட்டேன். எப்போதும் டைனோசர் போட்ட சட்டையில்தான் வருவான், அதனால் டைனோசர் என்றே வைத்துக்கொள்வோம். "தா... த்... தா..." முடிந்தது. அடுத்து "ஈ... ர... ச்... ச..." என்று போய், "க்... கு... ப்..." என்று முடிக்கும்போது அவனுக்கு ஈரம் காய்ந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் ஒன்பது எழுத்து. கடைசி எழுத்தைப் பிடிக்கும்போது முதல் எழுத்து கையை விட்டுப் போய்விடுகிறது. அப்புறம் 'போனார்'. பள்ளியில் ஆங்கிலத்தை ஒலி ஒலியாக இடமிருந்து வலமாகக் கோத்துப் பழகியவன் அவன். 'போ'வில் அவன் கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு. அதற்குத் தனியாக ஒலி கிடையாது. அடுத்து ப. அதையும் அப்படியே சொல்லிவிட முடியாது, பின்னால் ஒரு கால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்தைச் சொல்ல மூன்று இடத்துக்குக் கண் போய்வர வேண்டியிருக்கிறது. நமக்கு இது உறைப்பதே இல்லை. 'போ' என்பதை ஒரே படமாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

பத்தி முடிந்ததும் கேட்டேன், "யாருப்பா சந்தைக்குப் போனது?" என் முகத்தைப் பார்த்தான். தெரியவில்லை. எல்லா எழுத்தையும் சரியாகத்தான் சொன்னான். ஆனால் தாத்தா எங்கே போனார் என்பதற்கு அவன் தலையில் இடமே மிச்சமில்லை.

இதை 1974இலேயே மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லாபெர்ஜ், ஜே சாமுவேல்ஸ் என்ற இருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மனிதனுக்குக் கவனம் அளவாகத்தான் இருக்கிறது. எழுத்தைக் கண்டுபிடிக்கவே அது முழுக்கச் செலவாகிவிட்டால் பொருளைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் வேலை யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழகினால்தான் மனம் கதைக்குள் போகும். பிறகு 1979இல் சாமுவேல்ஸ் ஒரு கட்டுரையில் இதற்கு வழியும் சொன்னார். வழி என்ன, ரொம்பச் சாதாரணம். 50 முதல் 200 சொற்கள் உள்ள ஒரு சின்னப் பகுதியைக் கொடு, ஓர் அளவு வேகம் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிக்கச் சொல், வந்ததும் அடுத்த பகுதிக்குப் போ. இசைக்கலைஞரும் விளையாட்டு வீரரும் இப்படித்தானே பழகுகிறார்கள் என்று அவரே எடுத்துக்காட்டுகிறார். நம்மவர்களுக்கு இது புரியாததா? பிள்ளையைப் பாட்டு வகுப்பில் விட்டால், ஒரே சரளி வரிசையை மாதக்கணக்கில் பாடுவதைக் கேட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோம். பாடம் என்று வந்துவிட்டால் மட்டும் பொறுமை போய்விடுகிறது.

சாமுவேல்ஸ் சொன்னதில் முக்கியமான பகுதி வேறு. முதல் பகுதியைச் சரளமாக வாசிக்கப் பல தடவை தேவைப்பட்டது. அடுத்த பகுதிக்கு அதைவிடக் குறைவான தடவைகளே போதுமாக இருந்தன. அதோடு, இதுவரை பார்த்தே இராத புதுப் பகுதியின் முதல் வாசிப்பே முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகத் தொடங்கியது. மனப்பாடம் மட்டும்தான் நடந்திருந்தால் இது நடக்காது. ஒரு பத்தியை மனப்பாடம் செய்தது இன்னொரு பத்திக்கு எப்படி உதவும்? பழைய பத்தியில் பழகிய எழுத்துகளும் சொற்களும் விகுதிகளும் புதுப் பத்திக்குள்ளும் வருகின்றன, அதனால்தான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு என்ற ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி அறிக்கை வெளியிட்டது. ஒருவர் உடனிருந்து கேட்டு, திருத்தி, திரும்ப வாய்விட்டு வாசிக்க வைப்பது பலன் தருகிறது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து 'மனசுக்குள்ள படி' என்று விட்டால் சரளம் வரும் என்பதற்கு மட்டும் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். மனத்துக்குள் வாசிப்பது கெடுதல் என்று சொல்லவில்லை, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை மனத்துக்குள் என்ன வாசிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு "முடிஞ்சிடுச்சு டீச்சர்" என்று சொல்வதில் என் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. தமிழுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை என்பது என் கட்சி. ஆய்வுக்கட்டுரை எதையும் பார்த்துச் சொல்லவில்லை, மேசையில் உட்கார்ந்து கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

"இந்த மீன் புதிதா?" என்ற வரியைப் பாருங்கள். கேள்வி எங்கே இருக்கிறது? கடைசி எழுத்தில். ஆங்கிலத்தில் பெரும்பாலும் முதல் சொல்லிலேயே கேள்வி என்று தெரிந்துவிடும், குரல் தயாராகிவிடும். நம்மிடம் 'புதி' வரைக்கும் அது கேள்வியா செய்தியா என்று தெரியாது. 'இல்லை' என்பதும் அப்படித்தான். தம்பி பள்ளிக்குப் போக... போனானா, போகவில்லையா, போக வேண்டுமா? கடைசியில்தான் தெரியும். பேசியது யார் என்பதும் 'என்று தாத்தா கேட்டார்' வந்த பிறகுதான் தெரியும். தாத்தா குரலில் வாசிக்க வேண்டும் என்று தெரிவதற்குள் தாத்தா பேசி முடித்துவிடுகிறார்.

பழகிய வாசகருக்கு இது சிக்கலே இல்லை. வாய் ஒரு சொல்லில் இருக்கும்போது கண் அடுத்த சில சொற்களைப் பார்த்துவிட்டிருக்கும். கேள்விக்குறி வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். தொடக்கநிலை ஒன்று பிள்ளையின் கண் அப்படி முன்னால் ஓடாது. வாய் நிற்கிற எழுத்திலேயேதான் கண்ணும் நிற்கும், சில சமயம் விரலும். அதனால் முதல் வாசிப்பில் தமிழ் வாக்கியத்தைச் சரியான தொனியில் வாசிப்பது அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய முடியாத காரியம். "உணர்ச்சியோடு படி" என்று அதட்டிப் பயனில்லை. இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில் கடைசியில் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கிறது. அப்போதுதான் 'புதிதா' மேலே ஏறுகிறது. டைனோசர் மூன்றாவது தடவை அதை வாசித்தபோது தாத்தாவைவிடக் கறாரான வாடிக்கையாளர் குரல் வந்தது. அவன் அப்பா தேக்கா சந்தையில் மீன்காரரிடம் பேசுகிற குரல் என்று பிறகு அவன் அம்மா சொன்னார்.

மனப்பாடம் என்று எந்தத் தடவையைக் குறை சொல்கிறார்களோ, அந்தத் தடவையில்தான் பிள்ளை முதன்முதலாக வாக்கியத்தை வாக்கியமாக வாசிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இங்கே சிங்கப்பூரில் இது பெரிய விஷயம். நம் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் பேசும் வீடு என்றாலும் அது பேச்சுத்தமிழ். 'வராங்க', 'போயிட்டாரு', 'வாங்கிட்டு வந்தேன்'. இதில் தப்பே இல்லை. 2005இல் வந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கையே வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் 'வருகிறார்கள்', 'போய்விட்டார்', 'வாங்கிக்கொண்டு வந்தேன்'. இந்த உருவங்களைப் பிள்ளை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை, செய்தி வாசிப்பவரைத் தவிர. ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை எட்டினால், ஓ இதுவா என்று காதுக்குத் தெரியும். தமிழில் எழுத்துக்கூட்டிப் போய்ச் சேருகிற இடத்தில் 'பொத்திக்கொண்டாள்' நிற்கிறது. யார் இவள் என்று பார்க்கிறான்.

அதனால்தான் பல பிள்ளைகள் 'வருகிறார்கள்' என்ற எழுத்தைப் பார்த்து 'வராங்க' என்று வாசிக்கும். பெற்றோர் பதறுவார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் மொழியில் சொல்லியிருக்கிறதே பிள்ளை! வெறுமனே ஒலி எழுப்பும் பிள்ளைக்கு அது வராது. முதல் வாசிப்பில் அதை விட்டுவிடுவேன். இரண்டாவதில், "ஆமா, வராங்கதான். புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு பாரு" என்பேன். மூன்றாவது நான்காவதில் 'வருகிறார்கள்' நாக்கில் உட்கார்ந்துவிடும். அதற்கடுத்த பத்தியில் 'சிரிக்கிறார்கள்' வந்தால் அவ்வளவு தடுமாற்றம் இருக்காது. எழுத்துத்தமிழின் விகுதிகள் காதில் ஏற இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணினித் துறையில் வேலை, பிள்ளை மீது மிகுந்த அக்கறை. நான் திரும்ப வாசிக்க வைப்பதை எதிர்க்காத ஒருசிலரில் அவரும் ஒருவர். எதிர்க்காததோடு நிற்காமல் கைபேசியில் நிமிடக்கணக்கு வைத்துக்கொண்டு அமெரிக்க அட்டவணை ஒன்றையும் எடுத்து வந்துவிட்டார். ஹாஸ்பிரூக், டிண்டால் என்ற இருவர் தொகுத்தது, 2017இல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி அங்கே முதலாம் வகுப்பு முடியும்போது நடுத்தர மாணவர் நிமிடத்துக்குச் சரியாக 60 சொல் வாசிக்கிறார், இரண்டாம் வகுப்பு முடியும்போது 100. "நம்மாளு இருபதைக் கூடத் தாண்டலையே டீச்சர்" என்றார் கவலையோடு.

"அண்ணே, அது இங்கிலீஷ் சொல்லு" என்றேன். 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பதை எண்ணிக்காட்டினேன். பன்னிரண்டு எழுத்து, நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு மூன்று சின்னச் சொல் வந்துவிடும். அந்த அட்டவணையைத் தமிழ்ப் பிள்ளை மீது வைத்தால் பிள்ளை பாவம். அளக்கத்தான் வேண்டும் என்றால் சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள், அதையும் வேறு பிள்ளையோடு ஒப்பிடாமல் இதே பிள்ளையின் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள் என்றேன். அவர் எழுத்தை எண்ணித்தரும் ஒரு சின்ன நிரலே எழுதிவிட்டார் என்பது வேறு கதை.

எனக்கு நிமிடக்கணக்கில் பெரிய பிடிப்பு இல்லை. கடிகாரம் தெரிந்துவிட்டால் பிள்ளை ஓடத் தொடங்கும். முற்றுப்புள்ளியில் நிற்காது, 'என்று' எல்லாம் விழுங்கப்படும். வேகம் வேண்டும்தான், ஆனால் அது தானாக வர வேண்டும். சரளம் என்றால் சரியாக, ஓரளவு வேகமாக, பேசுவதுபோல நிறுத்தி ஏற்றி இறக்கி வாசிப்பது. கடைசியில் சொன்னதைக் கடிகாரம் அளக்காது. காதுதான் அளக்க வேண்டும்.

கல்வி அமைச்சு 2019இலிருந்து தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகளையே எடுத்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டையாவது பிள்ளை நிதானமாக வாசித்துப் பழகட்டும் என்று நான் நினைக்கிறேன். பெற்றோரோ அந்த வயதிலேயே தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழித் தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே வாய்விட்டு வாசித்தல் ஒரு பகுதி என்பது உண்மை. அதற்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது என்பதும் உண்மை.

சரி, வீட்டில் யார் கேட்பது? "எங்களுக்கு நேரமில்லை டீச்சர், எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கே வர்றோம்." நியாயமான பேச்சு. இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் ஒரு தமிழ்க் காது வேண்டும். டைனோசர் வீட்டில் அந்தக் காது பணிப்பெண்ணுடையது. அறந்தாங்கிப் பக்கம் ஊர். அவன் அவரை அக்கா என்பான். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாராம். "தம்பி, தாத்தா மீன் வாங்குனாரா இல்லையா, அதச் சொல்லாம முடிச்சிட்ட?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். என் பத்தியில் அது இல்லை! மறுநாள் வந்து என்னைக் கேள்வி கேட்டான், "டீச்சர், தாத்தா பாட் ஆர் நாட்?" நான் ஒரு வரி சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. ஆசிரியர் பட்டம் வேண்டாம், இப்படிக் கதையைக் கேட்கிற ஆள் போதும்.

தமிழ்க் காதே இல்லாத வீடும் உண்டு. ஒரு பெண் பிள்ளை வருகிறாள், வீட்டில் மலையாளமும் ஆங்கிலமும்தான், பள்ளியில் தமிழ் எடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒவ்வொரு பத்தியையும் நானே நிதானமாக வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புகிறேன். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், பிறகு பதிவோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், பிறகு தனியாக. இதுவும் என் கண்டுபிடிப்பில்லை. 1970களில் கேரல் சாம்ஸ்கி என்பவர், எழுத்து தெரிந்தும் வாசிக்க வராமல் தவித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலிநாடாவில் கதைகளைக் கொடுத்து, புத்தகத்தைப் பார்த்தபடி திரும்பத் திரும்பக் கேட்கவைத்துத்தான் வாசிப்புக்குள் இழுத்துவந்தார். அவருக்கு ஒலிநாடா, நமக்குக் கைபேசி. பிள்ளைகள் தங்கள் வாசிப்பையே பதிவு செய்து கேட்பதும் நல்லது. முதல் வாசிப்பையும் நான்காவது வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தால் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. "திஸ் ஒன் மீ ஆ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

கேட்பவருக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: குறுக்கே விழாதீர்கள். பிள்ளை தடுமாறினால் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பெரும்பாலும் தானே எட்டிவிடும். எட்டாவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், பத்து நிமிடம் எழுத்துக்கூட்ட வைத்து அழவிடாதீர்கள். தப்பாக வாசித்தால் வாக்கியம் முடியட்டும், அப்புறம் திரும்பிப் பார்க்கலாம். ழகரத்துக்காக நடுச்சொல்லில் நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். 'வாழைப்பழம்' என்று ஒவ்வொரு தடவையும் அங்கேயே நின்றால் பிள்ளைக்குப் பழமும் வேண்டாம், தமிழும் வேண்டாம் என்றாகிவிடும். ழ, ள, ல தனியாக ஒருநாள் பழகிக்கொள்ளலாம்.

மனப்பாடத்துக்கு வருகிறேன். உண்மையிலேயே தாளைப் பார்க்காமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கண் சன்னலில் இருக்கும், வாய் ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. பத்தியின் நடுவில் ஒரு சொல்லில் பென்சிலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். வாசிக்கிற பிள்ளை உடனே சொல்லும். ஒப்பிக்கிற பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து சேரும். அப்போது நான் அதே சொற்களைக் கலைத்துப் போட்டு வேறொரு பத்தி எழுதிக் கொடுப்பேன். தாத்தாவுக்குப் பதில் கடைக்காரர் சந்தைக்குப் போவார், மீனா சிரிப்பாள், மூக்கைப் பொத்திக்கொள்வது தாத்தா. 'பொத்திக்கொண்டாள்' இப்போது 'பொத்திக்கொண்டார்'. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்த சொல். இந்த இரண்டாம் பத்திதான் என் முறையில் பாதி. அதை எழுதுவதற்குத்தான் எனக்கு நேரம் பிடிக்கிறது. பயிற்சித்தாள் கட்டில் அது கிடைக்காது.

எத்தனை தடவை என்று கேட்பார்கள். மூன்று, நான்கு. பிள்ளை முகம் சுளிக்கிறதா என்று பார்த்து நிறுத்திக்கொள்வேன். பெரும்பகுதி முன்னேற்றம் நான்காவது வாசிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது என்று 1985இல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. ஒரே நாளில் நான்கும் வேண்டாம். இன்று இரண்டு, நாளை ஒன்று, நாளன்றைக்கு யாராவது பெரியவருக்குப் படித்துக்காட்டுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். "சேம் ஒன் அகெய்ன் ஆ?" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டும். பாட்டிக்குப் போன் போட்டுப் படித்துக்காட்டுவது நல்ல காரணம். தம்பி தங்கை இருந்தால் இன்னும் நல்லது, தப்பைக் கண்டுபிடிக்கும் வயதில்லாத ரசிகர்கள் அவர்கள்.

எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். மெலனி குன், ஸ்டீவன் ஸ்டால் என்ற இருவர் 2003இல் இந்த ஆய்வுகளைத் திரும்பப் பார்த்தார்கள். திரும்ப வாசிப்பதால் பலன் வருகிறதா, அல்லது துணையோடு கூடுதல் நேரம் வாசித்ததால் வருகிறதா என்று கேட்டார்கள். அதே நேரத்தைத் துணையோடு வெவ்வேறு பகுதிகளை வாசிப்பதில் செலவிட்டாலும் கிட்டத்தட்ட அதே முன்னேற்றம் கிடைக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆங்கிலத்துக்கு அது ஒத்துவரும். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்படி படிப்படியாக எழுதிய தொடக்கப் புத்தகங்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தமிழில்? அங் மோ கியோ நூலகத்தில் சிறுவர் தமிழ்ப் பிரிவுக்கு அடிக்கடி போகிறேன். படங்கள் அழகாக இருக்கும், முதல் பக்கத்திலேயே 'ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தது' வந்து உட்கார்ந்திருக்கும். நாம் பிள்ளைக்கு வாசித்துக்காட்ட அருமையான புத்தகங்கள். பிள்ளை தானாக வாசிக்கத் தோதானவை குறைவு. அப்படிப்பட்டவை நிறைய வரும் நாளில் நானும் நாளுக்கொன்று கொடுக்கிறேன். அதுவரை மீனாவும் தாத்தாவும் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

ஜூன் விடுமுறைக்குச் சில குடும்பங்கள் பத்தி கேட்டிருக்கிறார்கள். எழுதி அனுப்புகிறேன், இரட்டைப் பத்திகளாகவே, குரல்பதிவோடு. உங்கள் பிள்ளைக்கு எதில் பிடித்தம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கால்பந்து, பூனை, எம்ஆர்டி ரயில், எதுவானாலும் சரி. டைனோசர் பற்றி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறேன், 'டைரனோசரஸ்' என்பதைத் தமிழில் எழுதினால் எத்தனை எழுத்து வரும் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.